உருமி லண்டன் போன கதை

எங்க ஊர்ப் பக்கம் பருத்தி எடுத்து முடிந்து கரிசல் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் கொடை வரும். கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் ராத்திரி எந்தத் திசையில் காதை வைத்தாலும் உருமி கேட்கும். ஒரு முகத்தில் அடிப்பார்கள், இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் முனகல்தான் உருமி. ஜமீன் கோடாங்கிபட்டியில் தேவராட்டத்துக்கு அடிக்கும் தேவதுந்துபியும் இதே வகைதான்.

இன்ஜினியரிங் விடுதிக்குப் போனதும் இந்தச் சத்தத்தை நான் ஒளித்துவைத்தேன். கொடையில் செல்போனில் பதிந்த உருமியை ஒருநாள் அறையில் போட்டபோது, "என்னடா, சாவு வீடா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே அந்த ஃபைலை அழித்துவிட்டேன்.

2009 பிப்ரவரியில் ரஹ்மானுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 'ஜெய் ஹோ'வோடு சேர்ந்து அதே படத்தின் 'ஓ... சாயா'வும் சிறந்த பாடல் பட்டியலில் இருந்தது. கூடப் பாடிய பெண் யார் என்று தேடப் போய், அறைத்தோழனின் ஹார்ட் டிஸ்க்கில் அவளுடைய 'கலா' ஆல்பம் சிக்கியது. 'பேர்ட் ஃப்ளூ' என்று ஒரு பாட்டு. ஹெட்போனில் முதலில் வந்தது உருமி. நான் அழித்த அதே சத்தம். சிரித்த அதே பையன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்: "செமயா இருக்குல்ல?"

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். போருக்கு நடுவில் குடும்பம் கொஞ்ச காலம் சென்னையில் இருந்தது. 1986இல் அம்மாவோடு அகதியாக மறுபடி லண்டன். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தார். பாட வேண்டும் என்று கிளம்பியவர் இல்லை. 2000இல் எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டை வரைந்தார், அவர்களுடைய இசைப்பயணத்தைப் படம் பிடிக்கக் கூடவே போனார். அந்தப் பயணத்தில் பாடகி பீச்சஸ் ஒரு பெட்டியைக் காட்டினார்: ரோலண்ட் எம்.சி.505. டிரம்ஸ், கீபோர்டு, ஒலிகளை வரிசையாக அடுக்கும் வசதி எல்லாம் ஒரே பெட்டிக்குள். பேண்ட் வேண்டாம், சங்கீதப் படிப்பு வேண்டாம். ஒரு தாளத்தை அடித்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். புரோகிராம் எழுதுகிற எனக்கு இது உடனே புரிந்தது. லூப் எழுதத் தெரிந்தால் போதும், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

2003இல் 'கலாங்' என்ற பாட்டை வெறும் 500 பிரதிகள்தான் போட்டார்கள். இன்டர்நெட்டில் கைமாறிக் கைமாறி அது பரவியது. 2005இல் எக்ஸ்.எல். நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் 'அருளர்'. தொலைந்துபோன அப்பா இன்டர்நெட்டில் தன் பெயரைத் தேடினால் மகள் கண்ணில் படட்டும் என்று வைத்த பெயர். அந்த வருடமே மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் ஏறியது.

அதே காலத்தில் உலகம் முழுக்க இன்னொரு தாளமும் ஓடிக்கொண்டிருந்தது. டாடி யாங்கியின் 'கேசோலினா' 2004இல் வந்து ரெகேடோனை எல்லா ஊர் டிஸ்கோவுக்கும் கொண்டுபோனது. எம்.ஐ.ஏ. ரெகேடோன் பாடகி இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பாட்டன் ஒருவர்தான்: ஜமைக்காவின் டான்ஸ்ஹால். எட்டு துடிப்பை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் தாளம் கிங்ஸ்டனிலிருந்து பனாமா போய், அங்கிருந்து புவேர்ட்டோ ரிக்கோ போய் ரெகேடோன் ஆனது. ரெகேடோன் தாளத்துக்கு வேராகச் சொல்லப்படுவது 1989இல் ஸ்டீலி, கிளீவி என்ற இரண்டு ஜமைக்கர்கள் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்'. 2021இல் கிளீவியும், இறந்துபோன ஸ்டீலியின் வாரிசுகளும் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் மேல் வழக்கு. எங்கள் தாளத்தை வைத்து ஒரு இசையுலகமே கட்டிவிட்டீர்கள், எங்கள் பங்கு எங்கே என்பதுதான் கேள்வி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வதுதான் எம்.ஐ.ஏ.வின் திட்டம். 2006இல் விசா கிடைக்கவில்லை. கதவு சாத்தியதும் அவர் ஊர் ஊராகக் கிளம்பினார்: இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா. சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோ கிடைத்தது. உருமி வாசிப்பவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் நாம் கேட்பது அதைத்தான். 'பேம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்து 'காட்டுக்குயிலு' துண்டாக வரும். ஆல்பத்துக்கு அம்மா பெயர்: 'கலா'. 2007இன் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதைத்தான் சொன்னது. அதிலிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. பாட்டில் விசாவையும் குடியேறிகளைப் பற்றிய பயத்தையும் கேலி செய்கிறார். உள்ளே விடாத நாட்டிலேயே அந்தப் பாட்டு அத்தனை ஓடியது.

2009 பிப்ரவரி 8, கிராமி மேடை. நிறைமாத வயிற்றோடு நான்கு ராப் பாடகர்களுக்கு நடுவில் நின்று பாடினார். வன்னியில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம். கிடைத்த மைக்கிலெல்லாம் அதைப் பற்றிப் பேசினார். எங்கள் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஈழப் போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு தமிழச்சி அமெரிக்க டி.வி.யில் அதைச் சொல்கிறாள் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். அதற்குப் பிறகும் ஆல்பங்கள் வந்தன. 2010இல் 'மாயா', 2013இல் 'மாதங்கி', 2016இல் 'எய்ம்', 2022இல் 'மாதா'. ஆனாலும் 'கலா'வின் இடத்தை அவற்றில் எதுவும் பிடிக்கவில்லை. விசா கிடைத்திருந்தால் 'கலா' இப்படி வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரொம்ப நாள் நான் இந்தக் கதையைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். நம்ம உருமி லண்டன் போச்சு பாத்தியா, என்று. போன வருஷக் கொடையில் அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது. விடியற்காலை மேளம் ஓய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்து 'பேர்ட் ஃப்ளூ' போட்டுக் காட்டினேன். ஐம்பது வருஷமாக உருமி தேய்க்கிறவர். கண்ணை மூடி முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவுக களைக்கவே மாட்டேங்காகளே."

லூப் களைக்காது. ராத்திரி முழுக்க வாசித்தவருக்கு முதலில் பட்டது அதுதான். அவர் வாசிக்கும்போது சாமியாடுகிறவனின் காலைப் பார்த்து வேகம் கூடும், குறையும். கை வலித்தால் பக்கத்தில் இருப்பவர் ஏந்திக்கொள்வார். மெஷினுக்குள் போனதும் அந்த மூச்சு போய்விடுகிறது. அதற்காக எம்.ஐ.ஏ.வைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் அழித்த சத்தத்தை அவர் தேடி வந்து பதிவு செய்தார். எனக்கு அதைத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான்.

பெரியவர் போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "வாசிச்ச ஆளுக யாரு? எந்த ஊர்க்காரவுக?"

பாடகி பிறந்த வருஷம் சொல்ல முடிந்தது. பாட்டு எத்தனையாவது இடம் பிடித்தது என்று சொல்ல முடிந்தது. ஜமைக்கா வழக்கைக்கூடச் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பெயரையும் நான் இன்னும் கேட்கவில்லை.

கேட்டேன். சொன்னார். அவர் அடுத்து வாசித்ததை போனில் பதிந்து, அந்த ஃபைலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறேன்.