தடை செய்யப்பட்ட மட்டை



சென்ற இதழில் டென்னிஸ் பற்றி வந்தது. இந்த முறை கோல்ஃப். "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இது ஒரு மட்டையின் கதை. பந்தைக் கடைசியில் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். பெருமாள் கோயில் பட்டரும், ரொட்டியில் தடவும் பட்டரும் தமிழில் எழுதினால் இதே மாதிரிதான் வருகின்றன. நான் என்ன செய்ய!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. முன்னூறு கஜம் பறக்கும் ஸ்ட்ரோக்குக்கும், ஒரு சாண் தூரம் உருளும் ஸ்ட்ரோக்குக்கும் ஸ்கோர் அட்டையில் மதிப்பு ஒன்றுதான். 72 ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 18 குழிகளுக்கு 36 ஸ்ட்ரோக் பட்டருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பாதிச் செலவு ஒரே மட்டையின் பேரில்! அதனால்தான் நூறு வருடங்களுக்கும் மேலாக இந்த மட்டையை வைத்துச் சண்டை நடக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி என்று ஓர் ஊர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஊர் என்றே சொல்லலாம். அங்கே வேலை பார்த்த ஆர்தர் நைட் என்பவருக்குத் தன் பட்டர் மேல் திருப்தி இல்லை. அந்தக் காலத்துப் பட்டரில் தண்டு, தலையின் ஓர் ஓரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். நைட் அலுமினியத்தில் கட்டையான ஒரு தலை வார்த்து, தண்டை ஏறக்குறைய நடுவில் கொண்டுவந்து செருகினார். 1903-ல் காப்புரிமையும் வாங்கினார். ஊர்ப் பெயரே மட்டைக்கும் நிலைத்துவிட்டது.

அடுத்த வருடம், 1904. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்னும் இடத்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டி. அமெரிக்காவிலிருந்து வால்டர் டிராவிஸ் வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். வயது 42. கோல்ஃப் மட்டையைத் தொட்டதே 34 வயதுக்கு மேல்தான். நீண்ட தூரம் அடிக்கும் பலமும் கிடையாது. போட்டிக்கு முன் அவருடைய பட்டிங் சரியில்லாமல் போக, உடன் வந்தவர் ஒருவரின் ஷெனெக்டடியை இரவல் வாங்கிக்கொண்டார். அப்புறம் எங்கிருந்து உருட்டினாலும் பந்து குழியில் விழுந்தது. இறுதியில் தூர அடிக்குப் பேர்போன எட்வர்ட் பிளாக்வெல்லைத் தோற்கடித்து, வெளிநாட்டவர் யாரும் அதுவரை பெறாத கோப்பையைக் கொண்டுபோனார்.

1910-ல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அந்த வகை மட்டைக்குத் தடை போட்டது. "தோற்ற கோபத்தில் செய்தார்கள்" என்று அமெரிக்கர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள், நடுவில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது. கோபம் அவ்வளவு நாள் தாங்குமா? விஷயத்தைக் கிளப்பியது நியூசிலாந்தில் இருந்த ஒரு கிளப். குரோக்கே விளையாட்டின் சுத்தியல் போன்ற மட்டையால் பட்டிங் செய்யலாமா என்று அவர்கள் எழுதிக் கேட்டார்கள். கூடாது என்று விதி எழுதப்போய், ஷெனெக்டடியும் அதில் மாட்டிக்கொண்டது. பழிவாங்கல் என்பதைவிட, ஒரு சுற்றறிக்கை அளவுக்கு மீறிப் பாய்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அமெரிக்கச் சங்கமோ அந்த மட்டையை அனுமதித்தே வந்தது. ஆக, ஒரே விளையாட்டில் அட்லாண்டிக்குக்கு அந்தக் கரையில் செல்லும் மட்டை, இந்தக் கரையில் செல்லாது! 1951-ல் இரு அமைப்புகளும் உட்கார்ந்து விதிகளை ஒன்றாக்கியபோதுதான் தடை நீங்கியது.

கதையில் அடுத்து வருபவரும் ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்தான் என்பது வேடிக்கை. கார்ஸ்டன் சோல்ஹைம், நார்வேயில் பிறந்து அமெரிக்கா வந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கி இன்ஜினியர் ஆனவர். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகினார், பட்டிங் வரவில்லை. நாமாக இருந்தால் நம் கையைக் குறை சொல்வோம். அவர் மட்டையைச் சந்தேகித்தார். பந்து தலையின் நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டால் மட்டை முறுக்கிக்கொள்கிறது, பந்து திசை மாறுகிறது. எடையைத் தலை முழுவதும் பரப்பாமல் இரண்டு முனைகளிலும் குவித்தால் முறுக்கம் குறையும் என்று கண்டார். 1959-ல் வீட்டு கராஜில் செய்த முதல் மட்டை, பந்தில் பட்டதும் "பிங்" என்று ஒலித்தது. அதுவே கம்பெனியின் பெயராயிற்று.

1966-ல் அடுத்த வடிவம் மனதில் தோன்றியதும், கையில் கிடைத்த இசைத்தட்டு உறையிலேயே அதை வரைந்துவிட்டார். "ஆன்சர்" என்று பெயர் சொன்னவர் மனைவி லூயிஸ். மட்டையில் எழுத இடம் போதாததால் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிடச் சொன்னதும் அவர்தான். இன்று எந்தக் கடையில் கேட்டாலும் அந்த வடிவத்தின் வாரிசுகள் கிடைக்கும். டைகர் உட்ஸ் நெடுங்காலம் பிடித்த மட்டையும் அந்தக் குடும்பம்தான்.

சண்டை அத்தோடு ஓயவில்லை. வயதான காலத்தில் கை நடுக்கம் கண்ட சாம் ஸ்னீட், பந்தின் இரு பக்கமும் கால் வைத்துக் குரோக்கே மாதிரி உருட்டினார். 1968-ல் அது கூடாதென்றார்கள். பிறகு நீளத் தண்டை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றிக்கொண்டு ஆடுவது பரவியது. 2011-லிருந்து அப்படி ஆடியவர்கள் பெரிய பட்டங்களை வரிசையாக வெல்லத் தொடங்கியதும், 2016 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை. கை நடுங்குகிறவருக்கு ஊன்றுகோல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு பக்கம் தோன்றுகிறது. நடுங்காமல் அடிப்பதே ஆட்டத்தின் ஒரு பாதி என்ற எதிர்வாதமும் தள்ளக்கூடியதல்ல.

நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பட்டர் வாங்கப் போனால் இதைச் சொல்லி அனுப்புங்கள். தண்டை ஒரு விரல்மேல் படுக்கையாகத் தாங்கிப் பார்க்க வேண்டும். பந்தை அடிக்கும் முகப்பு வானத்தைப் பார்த்து நின்றால், கையை நேர்கோட்டில் கொண்டுபோகிறவருக்கு அது ஏற்றது. நுனி கீழே தொங்கினால், லேசாக வளைத்து ஆடுகிறவருக்கு. குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வருகிற நீளமே சரியான நீளம். பெரும்பாலோருக்கு அது 33-லிருந்து 35 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். நைட் வைத்தது போல நடுவில் தண்டு உள்ளதைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும் தயங்க வேண்டாம், இப்போது அது எல்லா நாட்டிலும் செல்லும்.