குர்லா வழியே போன குப்பை: தேவ்னார் மேடும் மறுசுழற்சிச் சட்டங்களும்

1896இல் பிளேக் தாக்கிய பிறகு, குப்பையை ஊருக்கு வெளியே தள்ளிவிட வேண்டும் என்பதே பம்பாய் நகராட்சியின் பெருங்கவலையாயிற்று. நகருக்கு வடகிழக்கே தேவ்னார்ச் சதுப்பு நிலம் அதற்கு வாய்த்தது. 1906இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றை ரயில் பாதை போட்டார்கள். அதில் முதலில் ஓடியது குப்பை வண்டி; பயணிகள் ஏறியது 1924இல்தான். இன்று அதே தடத்தில் ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! தேவ்னார்க் கிடங்கின் தொடக்கமாக 1927ஐக் குறிப்பது வழக்கம். ரயில் பாதையைப் பார்த்தால் கதை அதற்கு முந்தியது. குர்லாவும் செம்பூரும் அப்போது பம்பாய் எல்லைக்குள் இல்லை. 1950இல் எல்லை விரிந்தபோது, அடுத்தவர் நிலத்தில் கொட்டிய குப்பை நகரத்தின் சொந்தக் குப்பையாயிற்று.

சட்டம் விழித்துக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000இல் வந்தன. மக்காததும் மறுசுழற்சிக்கு உதவாததும் மட்டுமே நிலத்தில் புதைக்கப்பட வேண்டும்; பதப்படுத்தும் நிலையங்கள் 2003 டிசம்பர் 31க்குள் அமைய வேண்டும் என்று அவை கூறின. கெடு போயிற்று, தேவ்னாரின் 132 ஹெக்டேரில் கலப்புக் குப்பை ஏறிக்கொண்டே இருந்தது.

மறுசுழற்சி நடக்காமல் இல்லை. அது விதிகளுக்கு வெகு முன்பே குர்லாவின் பங்கார் (பழைய பொருள்) கடைகளிலும் தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டிலும் நடந்துகொண்டிருந்தது. குப்பை பொறுக்குபவர் கோணியில் கொண்டுவருவதைச் சிறு கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். அங்கிருந்து அது பெரிய வியாபாரிக்குப் போகும். ஒரு பிளாஸ்டிக் துண்டை வளைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் நுனியைக் கொளுத்தி முகர்ந்து, இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார்கள். பாட்டிலின் மூடி ஒரு ரகம், உடல் வேறு ரகம். இரண்டும் கலந்தால் விலை விழும். நிறம் பிரித்து, அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கி இழையாக இழுத்து நறுக்கினால் ‘தாணா’ எனும் பிளாஸ்டிக் மணி. வாளியாகவும் நாற்காலியாகவும் அது திரும்பிவரும். தாராவித் தமிழர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். உருகும் பிளாஸ்டிக்கின் புகையை முகமூடியில்லாமல் சுவாசிக்கும் வேலை இது. புகழ்ந்து பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

2016 ஜனவரி இறுதியில் தேவ்னார் பற்றி எரிந்தது. கிழக்குப் புறநகரங்களைப் புகை மூடியது. பிப்ரவரியில் மும்பை உயர் நீதிமன்றம், குப்பைக்கு வழி காணாத மாநகராட்சி புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று தடுத்தது. ஏப்ரலில் புதிய திடக்கழிவு விதிகள் வெளியாயின. மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அவை கூறின. பழைய குப்பை மேடுகளை ஐந்து ஆண்டுகளில் சீர்செய்ய வேண்டியிருந்தது. தரம் பிரிக்கும் நிலையங்களும் அமைக்க வேண்டியிருந்தது. என் பார்வையில் இவற்றினும் முக்கியமான மாற்றம், குப்பை பொறுக்குபவரை அமைப்புக்குள் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சிமேல் வைத்ததே. இந்தச் சிந்தனைக்கு மும்பையிலேயே முன்னோடி உண்டு: பெண்கள் அமைப்பான ஸ்திரீ முக்தி சங்கடனா 1998இல் தொடங்கிய ‘பரிசர் விகாஸ்’ திட்டம் பொறுக்கும் பெண்களைத் திரட்டிப் பயிற்சி தந்தது.

ஆனால் திட்டமிடுபவரின் கணக்கில் நிலமும் டெண்டரும் முந்திக்கொள்கின்றன. நகரின் இன்னொரு குப்பைக் கிடங்கான முலுண்ட் 2018இல் மூடப்பட்டது. பெரும்பகுதிக் குப்பை காஞ்சூர்மார்க் கிடங்குக்குத் திரும்பியது. தேவ்னாரில் தேங்கிய சுமார் 185 லட்சம் டன்னைச் சலித்து அகற்ற, 2025இல் மாநகராட்சி டெண்டர் விட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த நிலத்தில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புக்கு ஒதுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. தாராவியிலேயே வீடு பெறத் தகுதியில்லை எனப்படுவோரைக் குடியேற்றத் தேடப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அப்படி அனுப்பப்படுவோரில் பங்கார் பிரித்துப் பிழைப்பவரும் இருப்பார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தாலும் தரம் பிரிக்கவும் காயவைக்கவும் கூரையும் முற்றமும் வேண்டும். வாங்கும் கடை பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடியிருப்புத் திட்டத்தில் இவற்றுக்கு எத்தனை சதுர அடி என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.