பாட்டில் வரும் 'நான்' யார்?

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கிளேபாங் கடற்கரைக்குச் சற்று உள்ளே, ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அருணகிரிநாதர் உண்மையிலேயே அவ்வளவு கெட்டவரா?" என்று கேட்டாள். முந்திய இரவு தோட்டத்துத் திடலில், டி. எம். சௌந்தரராசன் நடித்த 'அருணகிரிநாதர்' (1964) படத்தைத் திரைகட்டிக் காட்டியிருந்தார்கள். செல்வம் அழிந்து, நோய் கண்டு, தமக்கையின் சொல்லால் நாணிக் கோபுரத்திலிருந்து விழும் மனிதரை அவள் அப்போதுதான் கண்டிருந்தாள். "கெட்டுத் திருந்தியவர் என்று பெரியோர் சொல்வர், அம்மா" என்று விடை கூறி நான் அமர்ந்துவிட்டேன். அவ்விடை பிழையானது என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

தமிழில் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் பாடல்கள் மிகப் பல. அவற்றுக்குப் பொருள் கூறுமிடத்து நாம் முதலில் இடறுவது சொற்களில். பிழை வேறு, பழி வேறு, பாவம் வேறு, வினை வேறு. பிழை என்பது செய்யத் தக்கதினின்றும் வழுவுதல். பழி, பிறர் நம்மீது சுமத்துவது. வினையோ, செய்தவனுக்கே நினைவில்லாத முற்பிறவியிலிருந்தும் வந்து பற்றக்கூடியது. 'குற்ற உணர்வு' என்று இன்று நாம் ஒரே தொடரில் அடக்கிவிடுவது தற்காலச் சொல்லாட்சி. இவற்றையெல்லாம் 'பாவம்' என்ற ஒரே சொல்லால் பொருளுரைத்து, "புலவர் தம் பாவத்திற்காக வருந்துகிறார்" என்று எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் இட்டவர்களுள் அடியேனும் ஒருவன்.

சொல்லினும் பெரிய இடறல் ஒன்று உண்டு. 'நான்' என்று பாடல் கூறினால், அந்த 'நான்' பாடியவரேதாம் என்று கொள்வது. அருணகிரிநாதர் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அவர் வாழ்ந்தது பதினைந்தாம் நூற்றாண்டு. தம் காலத்து விசயநகர வேந்தனான பிரபுடதேவ மாராயனைத் தம் பாடலொன்றில் அவரே குறிப்பதால் இக்காலம் பெறப்படுகிறது. திருவண்ணாமலையோடு அவருக்கிருந்த தொடர்பும் பாடல்களாலேயே விளங்கும். ஆனால் அவரது இளமையின் சீர்கேடுகளையும் கோபுரத்து வீழ்ச்சியையும் விரிக்கும் கதைகள் யாவும் பிற்காலத்தன. அக்கதைகளுக்கு ஊற்று எது? திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றின் முற்பகுதிதான். பொருட்பெண்டிர் மயக்கில் அழிந்தேன், அறிவிழந்தேன், கடையனேன் ஆனேன் என்ற கருத்து அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அதனைத் தன்வரலாறாகக் கொண்டு, இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பி, ஒரு வாழ்க்கையையே பின்னோர் கட்டிவிட்டனர்.

மாவட்ட முன்சீப்பாக இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடித் தொகுத்து, 1894இல் திருப்புகழின் முதற்பகுதியை அச்சிட்டார். அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்தார். இன்று நமக்குக் கிடைப்பன ஏறத்தாழ 1300 பாடல்கள். பாடல்கள் ஒருங்கே கைக்கு வந்த பின்னராவது நாம் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கியிருக்க வேண்டும். ஒரு பாடலில் பாடுவோன் காமத்தால் மயங்கும் இளைஞன். வேறொன்றில் பல் உதிர்ந்து, இருமல் கண்டு, கோலூன்றி நடக்கும் கிழவன். இன்னொன்றில் அவன் உயிர் போகும் தறுவாயில் கிடக்கிறான். சுற்றத்தார் சூழ்ந்து அழ, எமதூதர் கயிற்றோடு வந்து நிற்கின்றனர். இத்தகைய பாடல்கள் ஒன்றிரண்டல்ல. அவற்றை வைத்துக்கொண்டு அருணகிரியார் நூறு முறை இறந்தார் என்று எவரும் எழுதவில்லை. மரணத்தைப் பாடும்போது அது மாந்தர் அனைவர்க்கும் உரியது என்று கொண்டோம். காமத்தைப் பாடும்போது மட்டும் அது அவர் ஒருவரது என்று கொண்டோம். இது என்ன முறை? மனிதர் கெடுகின்ற வழியெல்லாவற்றையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு முருகன்முன் நிற்கும் ஒரு குரலே அது என்பது என் துணிபு. பாடுவோர் ஒவ்வொருவரும் அக்குரலைத் தம் குரலாக்கிக்கொள்ளலாம். சந்தத்தை மனப்பாடம் செய்து ஓதுவோர்க்கு இவ்வாறு ஒரு குரல் தேவைப்பட்டது.

அப்படியாயின், எல்லாப் பாடல்களிலும் 'நான்' பொதுவானதுதானோ என்று மாணவர் வினவக்கூடும். இல்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்வோம். அவர் சமண் சமயம் புகுந்து, தருமசேனர் எனப் பெயர் பெற்று, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தலைமை பூண்டிருந்ததையும், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் திருவதிகைக்கு மீண்டதையும், ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார் விரித்துரைத்தார். எனினும், சமணரோடு வாழ்ந்து கழித்த நாள்களைக் குறித்த வருத்தத்தை நாவுக்கரசரே தம் பதிகங்களில் பலவிடத்தும் வெளிப்படக் கூறியிருக்கிறார். எத்தகைய உணவு, எத்தகைய கோலம் என்னும் குறிப்புகள்கூட அங்கே உண்டு. ஆகவே அவருடைய 'நான்' அவரேதான். சுந்தரருடையதும் அத்தகையதே. திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து கண்ணிழந்த அவர், திருவெண்பாக்கத்தில் பாடுவது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாட்டா, பிழைபொறுப்பார் என்று நம்பியிருந்தேனே என இறைவனோடு போடும் வழக்கா என்பதை என்னால் இன்றுவரை தீர்மானிக்க இயலவில்லை.

இனி, நம் தோட்டங்களிலும் ஊர்க் கோயில்களிலும் பெரிதும் வழங்கிய ஒன்றுக்கு வருவோம். வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாவமன்னிப்பு என்ற கருத்தில் தட்டிகளிலும் துண்டுத்தாள்களிலும் அச்சிடப்பெறும் நீண்ட பட்டியலை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வோர் அடியும் 'ஓ' என்று முடிவதால் பலர் அதனைப் பாட்டு என்றே கருதி இசையோடு ஓதுகின்றனர். உண்மையில் அது பாட்டும் அன்று. அடிகள் தம் குற்றங்களைக் கூறியதும் அன்று. அவர் சென்னையில் வாழ்ந்த காலத்தில், 1854இல் வெளிவந்த 'மநுமுறைகண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலின் ஒரு பகுதி அது. பேசுபவன் மனுநீதிச் சோழன். திருவாரூர் வீதியில் மகனது தேர்க்காலில் ஆன்கன்று இறந்துபட, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கக் கேட்டு, இப்பழி வந்து சேர முன்பு யான் என்ன தீமை செய்தேனோ என்று அரசன் தன்னைத்தானே வினவிக்கொள்ளும் இடம்.

இச்சோழன் கதை மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரின் பெருமையாக இதனையும் எடுத்துரைக்கிறாள். அதனைக் கேட்ட அரசனோ, சற்றுப் பொழுதில் தன்னையே கள்வனாகத் தீர்த்து வீழ்ந்து இறக்கிறான். பாண்டியனுக்குத் தன் குற்றம் எதுவென்று தெரியும். வள்ளலாரின் சோழனுக்குத் தெரியாது. ஆதலால் அவன் உலகத்துக் குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் தேடுகிறான்.

ஈண்டு இலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. நன்னூலார் ஓகார இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறுகிறார். அவற்றுள் வினாவும் ஒன்று. கழிவு, அதாவது கழிந்ததற்கு இரங்குதல், மற்றொன்று. அரசன் வாயில் அந்த ஓகாரம் வினா. செய்தேனா, இல்லையா என்பது அவனுக்கே ஐயம். அதே ஓகாரத்தை, செய்ததை அறிந்த ஒருவன் ஓதினால் அது கழிவிரக்கம் ஆகிவிடும். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓதுவோன் யார் என்பதைப் பொறுத்தே பொருள் மாறுகிறது.

அப்பட்டியலில் உள்ளவற்றைப் பாருங்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தல், ஆசை காட்டி ஏமாற்றுதல், பசித்து வந்தவனைப் பாராதிருத்தல், நிழல்தரும் மரத்தை அழித்தல், அஞ்சி ஒளிந்தவரைக் காட்டிக் கொடுத்தல். சோழ நாட்டு அரசனுக்காக எழுதப்பெற்றவை இவை. ஆயினும் மலாயாத் தோட்டத்தில் நின்று இவற்றைக் கேட்டவர்க்கு இவை வேறாக ஒலித்திருக்கும். ஆள்கட்ட ஊருக்குச் சென்ற கங்காணி, பால்மரத்தின் அடியில் பணம் காய்க்கும் என்று சொல்லிக் கப்பலேற்றி வந்த கதையைக் கேளாத குடும்பம் நம்மிடையே இல்லை. 1938இல் இந்திய அரசு அவ்வாறு தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதைத் தடுத்தது. ஆனால் வந்தவர் வந்தவரே. பின்னர்ச் சப்பானியர் காலம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை 1942ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் போடப்பட்டபோது, தோட்டங்களிலிருந்து ஆள் கேட்டனர். அழைத்துச் செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் காட்டுக் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டனர். தோட்டத்திலிருந்து யாரை அனுப்புவது என்று முடிவு செய்தவர்களும், புதரில் ஒளிந்தவன் எங்கே என்று கேட்டபோது கைநீட்டியவர்களும் பல இடங்களில் நம்மவரே. அச்சத்தால் செய்தனர் என்பதும் உண்மை.

நான் வகுப்பு நடத்திய தோட்டத்தின் மாரியம்மன் கோயிலில், வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடிந்தபின் அப்பகுதியைச் சேர்ந்து ஓதும் வழக்கம் இருந்தது. லயத்தின் கடைசி வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறாமல் வருவார். சப்பான்காரன் காலத்தில் அவர் ஆபீசில் பெயர் வாசிக்கும் வேலையில் இருந்தவர் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உரத்த குரல் அவருக்கு. எங்களுக்கெல்லாம் அடியெடுத்துக் கொடுப்பவரே அவர்தான். ஒளிந்தவரைக் காட்டிக் கொடுத்தலைக் கூறும் அடி வரும்போது மட்டும் அக்குரல் கேட்காது. பிள்ளைகள் தாமாகவே அவ்வடியைச் சொல்லிக் கடப்பார்கள். அடுத்த அடிக்கு அவர் மீண்டும் சேர்ந்துகொள்வார்.