பாத்திரக் கூற்றும் நெடும்பாடலும்: 'தி டிசம்பரிஸ்ட்ஸ்' குழுவின் வளர்ச்சி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தி டிசம்பரிஸ்ட்ஸ்' நாட்டார்–ராக் இசைக்குழுவை 'இலக்கிய வாடை கொண்ட குழு' என்று அழைப்பது வழக்கம். அரிய சொற்களும் பழங்காலக் களங்களும் இப்பெயருக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. 1825ஆம் ஆண்டு ரஷ்யக் கிளர்ச்சியை நினைவூட்டும் குழுவின் பெயரும் அதற்குத் துணைபோனது. ஆனால் இவை மேற்பூச்சுதான். பாடகர் தன் மனத்தைப் பாடாமல், வேறொரு பாத்திரத்தின் கூற்றாகப் பாடியதே இக்குழுவின் அடிப்படை என்பது என் துணிபு.

பாடலாசிரியர் காலின் மெலாய் 1974இல் மொன்டானா மாநிலத்தின் ஹெலினாவில் பிறந்தவர். மொன்டானா பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் பயின்றவர். அவர் சகோதரி மைலி மெலாய் புனைகதை எழுத்தாளர். 2002இல் 'ஹஷ்' என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே பேசுவது, பிறந்த அன்றே இறந்த ஒரு பெண்குழந்தையின் ஆவி. காதல் தோல்வியைத் தன்கூற்றாகப் பாடும் கிதார் பாடகர்கள் நிறைந்திருந்த காலத்தில் இது துணிச்சலான தொடக்கம்.

சிறு நிறுவனங்கள் பணம் தரவில்லை. நீளத்துக்குத் தடையும் சொல்லவில்லை. அயர்லாந்தின் பழங்காப்பியக் கதையைத் தழுவி, பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒற்றைப் பாட்டு 2004இல் வெளிவர முடிந்தது அதனால்தான்.

2005இல் வந்த 'பிக்கரெஸ்க்' போர்ட்லண்டில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பதிவானது. அதிலுள்ள மாலுமியின் பழிவாங்கல் பாட்டை நான் இக்குழுவின் முக்கியச் சான்றாகக் கொள்கிறேன். திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் இருவர் அகப்பட்டிருக்கிறார்கள். ஒருவன் தன் தாயைச் சீரழித்தவனைத் தேடி அலைந்த கதையை, அந்த மனிதனிடமே சொல்கிறான். குழுவினர் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று அதை வாசித்தனர். ஜென்னி கான்லியின் அக்கார்டியன் கதையை இழுத்துச் செல்கிறது. மேடையிலோ, திமிங்கிலம் விழுங்கும் கட்டத்தில் கூட்டம் முழுவதும் அலற வேண்டும். கேட்பவர் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாகிவிடுகிறார். இக்குழுவுக்கு நிலையான ரசிகர்கள் அமைந்த விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாட்டு இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் 'கேபிடல்' என்னும் பெருநிறுவனத்தில் அவர்கள் ஒப்பந்தமானார்கள். ஆனாலும் 2006இன் 'தி கிரேன் வைஃப்' அடங்கிப்போகவில்லை. காயம்பட்ட கொக்கைக் காப்பாற்றியவனுக்கு அக்கொக்கே பெண்ணுருவில் மனைவியாகி, தன் இறகுகளைப் பிடுங்கித் துணி நெய்யும் ஜப்பானிய நாட்டார் கதை அது. மெலாய் அதன் மூன்றாம் பகுதியை ஆல்பத்தின் தொடக்கத்தில் வைத்தார். அவளை இழந்த கணவனின் வருத்தம் முதலில் வருகிறது, அதற்கான காரணம் பிறகே தெரிகிறது. லெனின்கிராட் முற்றுகையில் பசியோடு விதைகளைக் காத்த தாவரவியலாளர்களும் இந்த ஆல்பத்தில்தான் இடம்பெறுகிறார்கள். குழுவின் உச்சம் இதுவே.

2009இன் 'தி ஹசார்ட்ஸ் ஆஃப் லவ்' முழுநீள ராக் இசைநாடகம். கூற்றுகளை பெக்கி ஸ்டார்க், ஷாரா வோர்டன் உள்ளிட்ட பாடகர்களுக்குப் பிரித்துக் கொடுத்த இம்முயற்சி, கதைச் சுமையால் சில இடங்களில் திணறுகிறது.

ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் பதிவாகி 2011இல் வெளிவந்த 'தி கிங் இஸ் டெட்' எளிய, சிறிய பாடல்களோடு பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்கும் கில்லியன் வெல்ச்சும் அதில் பங்கேற்றனர். இலக்கியத்தைக் கைவிட்டதால் வெற்றி கிட்டியது என்று இதை விளக்கலாம். நான் அதை ஏற்கவில்லை. முதல் வாரத்திலேயே வாங்கக் காத்திருந்தவர்கள் திமிங்கிலப் பாட்டுக்கு அலறிப் பழகியவர்கள். மெலாயும் அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை: 2024இல் குழுவின் சொந்த நிறுவனம் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிடங்கள் நீள்கிறது.