வைரஸ் போச்சு, கிளையும் போச்சு

கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்கக் கடைகளில் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பார்களே, பாயின்செட்டியா? பூர்வீகம் மெக்சிகோ. அங்கே அது கிளை அதிகம் விடாமல் நெடுநெடுன்னு வளரும் புதர். தொட்டியில் விற்பதோ குட்டையாக, கிளைகிளையாக இருக்கும்.

இந்தச் செடிகளில் ஒரு மொசைக் வைரஸ் பரவலாக இருப்பது 1980-இல் பதிவானது. அதை நீக்க வெப்பச் சிகிச்சை, நுனித்திசு வளர்ப்பு எல்லாம் செய்தார்கள். வைரஸ் போனது. கூடவே, கிளை விடும் குணமும் போனது! அப்போ கிளைக்குக் காரணம் வைரஸ்தானா?

இல்லை. செல்சுவர் இல்லாத பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. 1997-இல் இங்-மிங் லீ குழுவினர் ஒட்டுண்ணிக் கொடி வழியாக அதை மட்டும் நித்தியகல்யாணிக்குக் கடத்தி, அங்கிருந்து கிளைக்காத பாயின்செட்டியாவுக்கு ஏற்றினார்கள். அது கிளைத்தது.

சிகிச்சை இரண்டையும் சேர்த்தே துடைத்திருக்கிறது. பெயர் தெரிந்தது வைரஸ் மட்டும்தான், அதனால் சந்தேகமும் அதன்மேல்தான் விழுந்தது. இன்றும் நாம் காசு கொடுத்து வாங்கும் அந்த அழகு, ஒரு நோய்தான்.