இழுவையும் பிடிப்பும்

பாம்பன் பாலம் இறங்கி ராமேஸ்வரம் போகிற சாலையில் முதலில் அக்காள்மடம் வரும், அப்புறம் தங்கச்சிமடம். யாத்ரீகர்கள் தங்கிப்போக அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு மடம் கட்டிவைத்தார்கள், அதுவே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அரிச்சல்முனை பார்க்கப் போகிற வண்டிகளுக்கும் இதுதான் வழி. எப்போதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் உறுமிக்கொண்டு போகும். அந்தக் கார்களிலும் அக்கா தங்கை உண்டு. உடம்பு ஒன்று, எஞ்சின் ஒன்று. ஒருத்தியிடம் பின் சக்கரம் இரண்டும் வண்டியைத் தள்ளும். இன்னொருத்தியிடம் நாலும் சேர்ந்து இழுக்கும். விலை கூடுதல். எதை வாங்குவது?

காசு இருக்கிறவன் கவலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஆனால் மின்சாரக் கார் வாங்கப் போகிற நடுத்தரக் குடும்பத்தின் முன்னாலும் இன்று இதே கேள்வி வந்து நிற்கிறது. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு மழைநாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். நாலு சக்கர இழுவை என்கிற ஒரே பெயருக்குள் இரண்டு தனி வரலாறுகள் இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் வரலாறு மண்ணையும் மணலையும் சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள அக்காள்மடத்திலிருந்து கிழக்கே தீவின் முனை வரைக்கும் போனால் போதும். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலோடு ரயில் பாதையும் போனது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதைத் தாண்டினால் மணலும் தேங்கிய கடல்நீரும்தான். ஜீப்பிலும் வேனிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, நேற்று போன தடம் இன்று இருக்குமா என்று தெரியாத இடத்தில் ஓட்டுநர்கள் வழி கண்டுபிடித்துப் போனார்கள்.

மணலில் என்ன நடக்கிறது? பின் சக்கரம் மட்டும் சுற்றுகிற வண்டியில் முன் சக்கரங்கள் வெறும் சுமை. பின்னாலிருந்து தள்ளத் தள்ள அவை தங்களுக்கு முன்னால் மணலைக் குவித்துக்கொள்ளும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துவார். பின் சக்கரம் சுழன்று குழி தோண்டும். வண்டி வயிற்றை மணலில் வைத்துப் படுத்துவிடும். நாலும் இழுத்தால் வேலை நாலாகப் பிரியும், எந்தச் சக்கரமும் தன் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. முன் சக்கரங்கள் குவிந்த மணல் மேல் தாங்களே ஏறிப்போகும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய வில்லிஸ் ஜீப்பின் ரகசியம் இதுதான். கூடவே தரையிலிருந்து நல்ல உயரம், மெதுவாக ஆனால் முழு பலத்தோடு இழுக்க ஒரு தனி கியர். 1940களின் கடைசியில் மஹிந்திரா அந்த ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. ஃபோர் வீல் என்றால் எங்கேயும் போகும் வண்டி என்கிற எண்ணம் நம் மனதில் பதிந்தது அப்படித்தான்.

இரண்டாவது வரலாறு வேகத்தைச் சேர்ந்தது. 1903-லேயே நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் பந்தயத்துக்காக நாலு சக்கரமும் இழுக்கும் காரைக் கட்டிவிட்டது. ஆறு சிலிண்டர், 60 குதிரைத்திறன். அன்றைய ஒல்லி டயர்கள் இரண்டால் அவ்வளவு சக்தியைத் தரைக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. சாலை இல்லாமல் தவித்தது ஜீப். சாலை இருந்தும், இருக்கிற சக்தியைச் செலவழிக்க முடியாமல் தவித்தது பந்தயக் கார்.

அடுத்த பெரிய பெயர் நமக்குத் தெரிந்ததுதான், நம் வயல்களில் ஓடுகிற மாஸி ஃபெர்குசன் டிராக்டரின் ஃபெர்குசன். ஹாரி ஃபெர்குசன் கடைசிக் காலத்தில் நாலு சக்கர இழுவைக்குப் பின்னால் போனார். அவர் 1960-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் நிறுவனத்தின் பி99 கார் ஓல்டன் பார்க்கின் ஈரத்தடத்தில் ஸ்டிர்லிங் மாஸ் கையில் வென்றது. நாலு சக்கர இழுவையில் ஒரு ஃபார்முலா ஒன் கார் வென்ற ஒரே பந்தயம் அது. சாம்பியன்ஷிப் கணக்கில் சேராத பந்தயம்தான். 1969-இல் லோட்டஸ், மாத்ரா, மெக்லாரன் எல்லோரும் இதே வழியை முயன்று பார்த்தார்கள். வண்டி எடை கூடியது, வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்தது. அதற்குள் அகலமான டயரும் இறக்கையும் வந்து, இரண்டு பின் சக்கரத்துக்கே போதுமான பிடிப்பைக் கொடுத்துவிட்டன.

ஃபெர்குசனின் முறை சாலைக்கு வந்தது 1966-இல், ஜென்சன் எஃப்எஃப் காரில். மொத்தமே 320 கார்கள்தான் செய்தார்கள். ஆனால் அதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பாகம் உண்டு. விமானங்களுக்காக உருவான, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி. இழுப்பது ஒரு வேலை, நிறுத்துவது வேறு வேலை என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

1977 குளிர்காலத்தில் பின்லாந்துப் பனியில் சோதனை நடந்தபோது, 75 குதிரைத்திறன் உள்ள ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்கிற ராணுவ வண்டி தன்னைவிடச் சக்தி வாய்ந்த ஆடிகளைப் பின்னால் விட்டது. அங்கே பிறந்த எண்ணம் 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோவாக வந்தது. இரண்டு வரலாறுகளும் கைகோத்த இடம் இது. 1981-இல் மிஷேல் மூத்தோன் அதே குவாட்ரோவில் சான்ரெமோ ராலியை வென்றார். உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண் அவர். பின் சக்கரத்தின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1983-இல் பின் சக்கரம் மட்டும் தள்ளும் லான்சியா 037 நிறுவனங்களுக்கான உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. எடை குறைவு, தார்ச்சாலையில் சுறுசுறுப்பு. அந்தப் பட்டம் வென்ற கடைசிப் பின் சக்கர வண்டியும் அதுதான். பனியிலும் சேற்றிலும் குவாட்ரோ ராஜா. காய்ந்த தாரில் லான்சியாவை அசைப்பது சுலபமாக இல்லை.

போர்ஷே 911-இல் இந்தச் சண்டை ஒரே குடும்பத்துக்குள் வந்தது. 1989-இல் புதிய 911 வந்தபோது முதலில் விற்றது நாலு சக்கர கரேரா 4. எஞ்சின் வேலையில் 31 பங்கு முன்னால், 69 பங்கு பின்னால். பின் சக்கர கரேரா 2 அதற்கடுத்துதான் வந்தது. முப்பது வருடம் கழித்து 2019-இல் வந்த தலைமுறையைப் பாருங்கள். தானியங்கி கியர் உள்ள கரேரா எஸ் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.7 விநாடி, 4எஸ்ஸுக்கு 3.6. உச்ச வேகம் எஸ் 308, 4எஸ் 306. எடையில் 4எஸ் சுமார் 50 கிலோ கூடுதல். காய்ந்த சாலையில், கூடுதல் காசுக்குக் காகிதத்தில் கிடைப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

அப்படியென்றால் நாலு சக்கரம் வீணா? இல்லை. டயரின் பிடிப்பை ஒரு மாதச் சம்பளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்க, திரும்ப, நிற்க மூன்றுக்கும் அதே சம்பளம்தான். பின் சக்கர வண்டியில் முன் டயர் தன் சம்பளத்தைத் திரும்புவதற்கே முழுசாக வைத்திருக்கும். ஸ்டியரிங் கையில் பேசுகிறது என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது இதைத்தான். வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பின் டயர் கடனாளியாகும், வண்டியின் வால் வெளியே போகும். நாலு சக்கர வண்டி செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். மழையில் 500 குதிரைத்திறனை அவிழ்த்துவிட வேண்டுமென்றால் அந்தப் பங்கீடு பெரிய உதவி. ஆனால் மொத்தச் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது, அதில் அக்காவுக்கும் தங்கைக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆபத்து இங்கேதான். பின் சக்கர வண்டி ஈரத்தில் கிளம்பும்போதே லேசாக வழுக்கி, சாலை சரியில்லை என்று எச்சரித்துவிடும். நாலு சக்கர வண்டி வழுக்காமல் கிளம்பும். சாலை நன்றாக இருக்கிறது என்று ஓட்டுகிறவர் நம்புவார். பிரேக் மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும்.

2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறந்தது. எந்தச் சின்னக் காரும் அங்கே போகலாம் என்றானது. மணலில் வழி தெரிந்த ஓட்டுநர்களின் திறமைக்கும் வண்டிக்கும் வேலை போனது. ஆனால் மணல் போகவில்லை. இருபக்கக் கடற்காற்று அதைத் தார்மேல் வாரி இறைக்கிறது. மெல்லிய மணல் படலத்தில் 4எஸ்ஸும் எஸ்ஸும் ஒரே மாதிரிதான் நிற்க முடியாமல் சறுக்கும். சாலையை விட்டு இறங்கினால், தரையை ஒட்டிய வயிற்றோடு இரண்டும் ஒரே மாதிரிதான் படுத்துக்கொள்ளும். ஜீப்பின் உயரமும் தனி கியரும் அதற்கு ஏது?

இன்று மின்சாரம் கணக்கை மாற்றியிருக்கிறது. முன்னால் இன்னொரு மோட்டார் வைத்தால் போதும், நாலு சக்கர இழுவை வந்துவிடும். 1900 வாக்கிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே லோனர் நிறுவனத்தில் சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த மின்வண்டி செய்தவர்தான். டாடா ஹாரியர் மின்கார் இரண்டு வகையிலும் கிடைக்கிறது. ஜீப்பைக் கொண்டுவந்த மஹிந்திராவே தன் பிஇ 6 மின்காரைப் பின் சக்கர இழுவையோடு விற்கிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: என் பிரச்சினை சாலையா, சக்தியா? சாலை என்றால் ஸ்போர்ட்ஸ் கார் அதற்கு மருந்தில்லை, ஜீப் குடும்பத்தைப் பாருங்கள். சக்தி மிக அதிகம், மழையிலும் மலையிலும் ஓட்டியாக வேண்டும் என்றால் நாலு சக்கரம். வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நம் கிழக்குக் கடற்கரைக்குப் பின் சக்கரம் தாராளம். மிச்சமாகும் காசில் நல்ல டயர் போடலாம், தேயும் முன்பே மாற்றலாம். எத்தனை சக்கரம் இழுத்தாலும், வண்டியை நிறுத்தப் போவது அந்த ரப்பர்தான்.