ஹெமிஸ் தேசியப் பூங்கா

ஹெமிஸ் தேசியப் பூங்கா இந்தியாவின் லடாக் ஒன்றியப் பகுதியில் அமைந்துள்ள உயர்மலைக் காப்பிடம் ஆகும். 1981 இல் நிறுவப்பட்ட இதன் பரப்பளவு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். இந்தியத் தேசியப் பூங்காக்களுள் இதுவே மிகப் பெரியது.

இங்கு வாழும் பனிச்சிறுத்தையைக் காண விரும்புவோர் கடுங்குளிர்காலத்திலேயே செல்வர். அப்போது நீலச்செம்மறிகளைத் தொடர்ந்து அதுவும் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். பாறையின் நிறத்தோடு ஒன்றிவிடுவதால், நாட்கணக்கில் தேடியும் காணாது திரும்புவோர் உண்டு. விமானத்தில் லே நகரை அடைவோர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்துக்கு உடல் பழகும்வரை அங்குத் தங்குதல் இன்றியமையாதது.

பூங்காவினுள் ரும்பக் முதலிய சிற்றூர்கள் உள்ளன. தொழுவத்துள் புகும் பனிச்சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். அதனால் முன்னர் ஊரார் அதனைக் கொல்வதும் உண்டு. தொழுவங்களுக்குக் கம்பிவலைக் கூரை இடப்பட்டதும், பயணிகளை வீடுகளில் தங்கவைத்து ஊரார் வருவாய் ஈட்டத் தொடங்கியதும் இப்பகையைப் பெரிதும் தணித்தன.